கொடைக்கானல் லாட்ஜில் எல்இடி: கரண்ட் பில் சொன்ன கணக்கும் கொட்டேஷன் சொன்ன கணக்கும்

கொடைக்கானலில் ஏழு ரோடு ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் இறங்கினால் எங்கள் லாட்ஜ். 24 அறை, கீழே ஒரு சாப்பாட்டு ஹால். 2025 அக்டோபரில், சரஸ்வதி பூஜைக் கூட்டம் வடிந்ததும், கட்டடம் முழுக்க இருந்த ட்யூப் லைட், சி.எஃப்.எல்., குண்டு பல்பு, ஹாலஜன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி போட்டோம். வேலையை எடுத்துச் செய்தவர் கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு லைட்டிங் காண்ட்ராக்டர். இது அவருடைய சேவைக்கான விமர்சனம். பாதிக்கு மேல் அவர் கொடுத்த கொட்டேஷனைப் பற்றித்தான் இருக்கும். பெயர் போடவில்லை. வேலை மோசமில்லை, பேச்சுதான் நீளம். அதற்காக ஒருவர் பிழைப்பில் மண் அள்ளிப் போட எனக்கு மனசில்லை.

மாமனார் கட்டிய கட்டடம். நடுவில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் அறைகள். வராந்தாவுக்கு ஜன்னல் கிடையாது. மஞ்சு இறங்கிவிட்டால் பகல் இரண்டு மணிக்கே இருட்டு, லைட்டை அணைக்க வழியில்லை. அங்கே மட்டும் 30 ட்யூப் லைட். 36 வாட் என்று ட்யூபில் எழுதியிருக்கும், ஆனால் ட்யூபை மாட்டும் பட்டிக்குள் இருக்கும் காப்பர் சோக் தனக்கென்று ஒரு பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும். இ.பி. மீட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணும். ஆக ஒரு பட்டிக்கு 48 வாட். வோல்டேஜ் குறைவான சாயங்கால நேரத்தில், அதுவும் மார்கழிக் குளிரில், ஸ்டார்ட்டர் விட்டு விட்டு மின்னி ட்யூப் எரிவதற்குள் பெட்டி தூக்கிவரும் தம்பி இரண்டு தடவை மாடி ஏறி இறங்கிவிடுவான்.

கொட்டேஷனுக்கு வருகிறேன். வழவழ காகிதத்தில் கலர் பிரிண்ட். மொத்தம் 78,000 ரூபாய், அதில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக ஏறத்தாழ 11,900. அதற்குக் கீழே கட்டம் கட்டி: மின்கட்டணத்தில் 60 சதவீதம் மிச்சம். ஏ.சி. சுமையில் 15 சதவீதம் மிச்சம். ஜி.எஸ்.டி. முழுதும் திரும்பக் கிடைக்கும். மின்சேமிப்புச் சாதனம் என்பதால் 40 சதவீதம் வரிச்சலுகை, அதாவது 31,200 ரூபாய். போட்ட பணம் மூன்றே மாதத்தில் கைக்கு வரும்.

ஏ.சி. வரியைப் படித்ததும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். கொடைக்கானல் லாட்ஜில் எங்கே ஏ.சி.? விளக்கின் சூடு குறைந்தால் ஏ.சி.க்கு வேலை குறையும் என்பது நியாயமான கணக்குதான், சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்தும். அங்கே போட்ட கொட்டேஷனில் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே கதை தலைகீழ். சாப்பாட்டு ஹாலில் 12 குண்டு பல்பு, ஒவ்வொன்றும் 60 வாட். குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. மொத்தம் 720 வாட், ஒரு சின்ன ரூம் ஹீட்டர் அளவு. மாற்றின வாரமே அத்தை, "ஹால்ல குளிருதுடி" என்று ஸ்வெட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது கற்பனை இல்லை.

சரி, எங்கே எவ்வளவு மிச்சம் என்பதை எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டோம், கமர்ஷியல் இணைப்பில் அந்தப் பக்கம்தான் வரும். வராந்தாவில் 48 வாட் இருந்த இடத்தில் 18 வாட் எல்இடி பட்டி. விளக்கு ஒன்றுக்கு 30 வாட் குறைவு, 30 விளக்குக்கு 900 வாட். நாளுக்கு 14 மணி நேரம் எரிகிறது என்றால் மாதம் 378 யூனிட், 3,780 ரூபாய். இந்த முப்பது பட்டிக்கும் விலை பத்தாயிரம் ரூபாய்க்குள்தான். மூன்று மாதத்தில் பணம் வந்துவிடும் என்று காண்ட்ராக்டர் சொன்னது வராந்தாவுக்கு மட்டும் நிஜம்.

அறைகள் அப்படியில்லை. ஓர் அறைக்கு ஒரு ட்யூப், இரண்டு சி.எஃப்.எல்., பாத்ரூமில் ஒன்று. எல்லாம் மாற்ற அறைக்கு 1,200 ரூபாய் வீதம் 28,800. மொத்தச் சாமான் விலையில் பாதிக்கு மேல் இதுதான். ஆனால் அறையில் விளக்கு எரிவது எவ்வளவு நேரம்? ஆள் வந்தால் ராத்திரி நாலு மணி நேரம். ஆஃப் சீசனில் பாதி அறை பூட்டியே கிடக்கும். அறைக்கு 50 வாட் குறைந்தது என்று வைத்தாலும், சராசரியாகப் பாதி அறை நிரம்பினால் மாதம் 72 யூனிட்தான். 720 ரூபாய். போட்ட காசு வர மூன்று வருஷத்துக்கு மேல். யாராவது இதே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அறைகளை விட்டுவிடுங்கள். பல்பு போகப் போக ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். எரியும் நேரம்தான் காசு. எந்த விளக்கு ராப்பகலாக எரிகிறதோ அதில் கை வையுங்கள்.

ஹாலில் 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 8 வாட், எட்டு மணி நேரம், மாதம் 150 யூனிட். பல்பு ஒன்றுக்கு 200 ரூபாய்தான். இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை, விலை வந்துவிட்டது.

பார்க்கிங்கில் 500 வாட் ஹாலஜன் மூன்று. இங்கேதான் காண்ட்ராக்டரோடு ஒரு சின்ன வாக்குவாதம். "50 வாட் எல்இடி ஃப்ளட் போதும் மேடம், அதே வெளிச்சம்" என்றார். அண்ணன் விடவில்லை. பெட்டியில் லூமன் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னார். 50 வாட் பெட்டியில் 5,000. பழைய ஹாலஜன் 9,000-க்கு மேல் கொடுக்கும். வாட் என்பது விளக்கு இழுக்கும் கரண்ட், லூமன்தான் அது கொடுக்கும் வெளிச்சம். கடைசியில் 100 வாட் மூன்று போட்டோம். அப்படியும் ஆறு மணி நேரத்துக்கு மாதம் 216 யூனிட் மிச்சம். 50 வாட் போட்டிருந்தால் காகிதத்தில் மிச்சம் இன்னும் கூடியிருக்கும், கார் ரிவர்ஸ் எடுக்கிறவர்தான் பூந்தொட்டியை இடித்திருப்பார்.

நாலையும் கூட்டினால் மாதம் 816 யூனிட். ஆனால் காகிதக் கணக்கை நம்பாமல் பில்லைப் பாருங்கள். எங்களுக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. டிசம்பர்-ஜனவரி பில்லை அதற்கு முந்தின வருஷ டிசம்பர்-ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். மே மாதத்தோடு ஒப்பிட்டால் விளக்கு மாற்றாமலே பாதி குறைந்தமாதிரி தெரியும், அது சீசன் செய்யும் வேலை. கூடவே அறைப் பதிவு நோட்டையும் எடுத்து இரண்டு வருஷமும் கூட்டம் ஒரே அளவா என்று பார்த்தோம். ஏறக்குறைய ஒரே அளவு. 6,500 யூனிட் பக்கம் ஓடிய பில்லில் 1,500 யூனிட் சொச்சம் குறைந்திருந்தது. மாதத்துக்கு 7,500 ரூபாய் மிச்சம்.

ஆக பில் குறைந்த அளவு நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே. 60 சதவீதம் எங்கே போயிற்று? அது விளக்குக்கு ஆகும் கரண்டில் 60 சதவீதம், பில்லில் இல்லை. மலை லாட்ஜில் பில்லைத் தின்பது கீசர். 2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். அதே 2 யூனிட்டில் 20 வாட் எல்இடி பட்டி 100 மணி நேரம் எரியும். இந்த ஒன்றைக் கொட்டேஷன் கொடுக்கிற யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி வரி. கொட்டேஷனைத் திண்டுக்கல்லில் எங்கள் ஆடிட்டர் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுசாகப் படித்துவிட்டு, "அம்மா, இதுல ஒரு வரி கூட பொய்யில்லை. ஆனா ஒரு வரி கூட உங்களுக்குப் பொருந்தாது" என்றார். அப்புறம் விளக்கினார்.

தேய்மானம் என்றால் சாமான் பழசாகிற மதிப்பை வருஷா வருஷம் லாபத்தில் கழிப்பது. வருமான வரி விதிகளில் மின்சேமிப்புச் சாதனங்களுக்கு என்று தேய்மானப் பட்டியல் ஒன்று உண்டு, நிஜம். ஒரு காலத்தில் 80 சதவீதம் வரை கொடுத்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பு 40. ஆனால் அந்தப் பட்டியலில் சாமான்கள் பெயர் போட்டு எழுதியிருக்கின்றன. மின்சாரப் பிரிவில் ஷன்ட் கெப்பாசிட்டர், தானியங்கி வோல்டேஜ் கன்ட்ரோலர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம், இந்த வகை. ஆலைகளை மனதில் வைத்துப் போட்ட பட்டியல். லாட்ஜ் வராந்தாவில் எரியும் எல்இடி பட்டி அதில் இல்லை. அது மின் ஃபிட்டிங்ஸ், மேஜை நாற்காலியோடு ஒரே இனம், வருஷத்துக்கு 10 சதவீதத் தேய்மானம். அதிலும் வாங்கி உபயோகத்துக்கு வந்த வருஷத்தில் 180 நாள் ஓடவில்லை என்றால் பாதிதான். நாங்கள் போட்டது அக்டோபர் நடுவில், மார்ச் 31-க்குள் 180 நாள் வராது. ஆக 5 சதவீதம்.

அதைவிடப் பெரிய விஷயம், 40 சதவீதத் தேய்மானம் என்றால் 40 சதவீதப் பணம் திரும்ப வரும் என்று அர்த்தமே இல்லை. லாபத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள், அவ்வளவுதான். நாங்கள் பார்ட்னர்ஷிப் ஃபர்ம். நானும் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பங்குதாரர்கள். வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. பட்டியலில் எல்இடி இருந்திருந்தாலும், அரை வருஷக் கணக்கில் 20 சதவீதம், அதாவது 15,600 ரூபாய் கழிவு. அதில் வரி மிச்சம் 4,870 ரூபாய். கொட்டேஷனில் போட்டிருந்தது 31,200.

இதில் சுவாரசியமான திருப்பம் ஒன்று இருக்கிறது. ஆடிட்டர் சார் பில்லை இரண்டாகப் பிரித்தார். பழைய ஹோல்டரிலேயே பல்பை மாற்றினது, அதற்கான கூலி, சில்லறை வேலை எல்லாம் பராமரிப்புச் செலவு. அது அந்த வருஷமே முழுசாகக் கழியும். புதுப் பட்டி, ஃப்ளட் லைட், ஆள் வந்தால் விளக்கைத் தானே எரியவைக்கும் சென்சார் இவை மட்டும் ஃபிட்டிங்ஸ். எங்கள் பில்லில் முதல் வகை 38,000, இரண்டாவது 40,000. முதல் வகையில் வரி மிச்சம் 11,800 சொச்சம். இரண்டாவதில் 5 சதவீதத்துக்கு 2,000 கழிவு, மிச்சம் 624. சேர்த்தால் 12,500. சலுகை என்று பெயர் வைத்த வழியில் போயிருந்தால் 4,870, பெயரே இல்லாத ரிப்பேர் கணக்கில் 12,500. இதற்காகவே காண்ட்ராக்டரிடம் பில்லை இனம் பிரித்துப் போட்டு வாங்கச் சொன்னார். எல்லாம் சேர்த்து "எல்இடி மாற்றும் பணி, 1" என்று ஒரே வரியில் பில் வாங்கினால் இப்படிப் பிரிப்பது கஷ்டம். இந்த விஷயத்தில் காண்ட்ராக்டரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த குண்டையும் ஆடிட்டர் சார்தான் போட்டார். கரண்ட் பில்லும் ஒரு செலவுதானே? அது மாதம் 7,500 குறைந்தால் லாபம் 7,500 கூடும், கூடின லாபத்துக்கும் வரி உண்டு. கையில் நிற்பது 5,160. ஆக 78,000-ல் 12,500 போக 65,500, மாதம் 5,160 வீதம் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகும். மூன்று மாதம் இல்லை. ஆனால் ஒரு வருஷத்தில் போட்ட முதல் திரும்பினால் அது நல்ல வியாபாரம்தான், வேறு எந்த முதலீடு இப்படிக் கொடுக்கும்? இந்த நேர்மையான கணக்கையே காட்டியிருந்தாலும் நாங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்போம். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜி.எஸ்.டி. கதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 12 சதவீதம் வசூலித்தோம், வாங்கும் சாமானில் கட்டின வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து அறைக்கு 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரி கழிவு கிடையாது. ஹாலுக்கும் அதே நிலைதான். நாங்கள் வேலை செய்தது அக்டோபரில். அந்த 11,900 திரும்பாது, செலவோடு சேர்ந்துவிடும். கொட்டேஷன் பழைய விதியில் தட்டச்சு ஆனது, யாரும் திருத்தவில்லை. கழிவு கிடைக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று: வரியைக் கழித்துக்கொண்டால் அதே வரித்தொகைக்குத் தேய்மானமும் கேட்க முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

நாயுடுபுரம் பக்கம் ஆறு அறை, எட்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் நிறையப் பேர் மொத்த வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று உத்தேசக் கணக்கில் வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்த விளக்கு மாற்றத்தில் வரி மிச்சம் பூஜ்யம். செலவெல்லாம் ஏற்கெனவே கழிந்ததாகத்தான் அந்தக் கணக்கு. ஆனால் கரண்ட் பில்லில் குறைவது முழுசாகக் கையில் நிற்கும், கூடுதல் லாபத்துக்கு என்று தனியாக வரி கிடையாது. ஒரு வகையில் எங்களைவிட அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இந்த வரிச்சலுகைப் பேச்செல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். அண்ணன் மகன் அமெரிக்காவில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். அங்கே நிஜமாகவே உண்டாம். 2005-ல் வந்த எரிசக்திச் சட்டத்தில் வணிகக் கட்டடங்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கழிவு. முதலில் முழுக் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு 1.80 டாலர் வரை, விளக்கு மட்டும் மாற்றினால் 60 சென்ட் வரை. 2022 சட்டத்தில் கூலி நிபந்தனைகளோடு 5 டாலர் வரை உயர்த்தினார்கள். 2025-ல் வந்த சட்டம் அதற்கு முடிவும் கட்டிவிட்டது. 2026 ஜூன் 30-க்குப் பிறகு தொடங்கும் வேலைகளுக்குக் கிடையாது. அங்கேயும் அது லாபத்திலிருந்து கழிவுதான், கையில் கொடுக்கும் பணம் இல்லை. நம் ஊரில் அரசு செய்த பெரிய உதவி வரியில் இல்லை, விலையில். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து கோடிக்கணக்கில் பல்பு மொத்தமாக வாங்கினார்கள். 2014-ல் 310 ரூபாய் இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38-க்கு இறங்கியது. அதில்தான் கடை விலையும் சரிந்தது.

வேலையின் தரம் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த பையன்கள் சுறுசுறுப்பு. பழைய பட்டியைத் திறந்தால் சோக்குக்கு மேல் விரல் கனத்துக்குத் தூசி, அதற்குள் ஈசல் இறகு, ஒரு பல்லி முட்டை ஓடு. எல்லாவற்றையும் துடைத்து, வயர் முனையைப் புதுசாக வெட்டி, கனெக்டர் போட்டுத்தான் மாட்டினார்கள். இரண்டு இடத்தில் பழைய பட்டியிலேயே எல்இடி ட்யூபைச் செருகப் பார்த்தார்கள். அண்ணன் சோக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரையும் எடுத்து, நேர் லைன் கொடுக்கச் சொன்னார். சோக்கை உள்ளே விட்டுவைத்தால் அது பாட்டுக்குக் கரண்ட் தின்றுகொண்டிருக்கும்.

நிறத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் எல்லா இடத்துக்கும் 6500 கெல்வின், பளீர் வெள்ளை கொண்டுவந்திருந்தார். சமையற்கட்டுக்குச் சரி. குளிரில் நடுங்கி வந்து உட்காருகிறவருக்கு அந்த நீல வெளிச்சத்தில் சாம்பார் கூட சாம்பல் நிறமாகத் தெரியும். ஹாலுக்கும் அறைக்கும் மஞ்சள் சாயலுள்ள 3000 வாங்கி வரச் சொன்னேன், வராந்தாவுக்கு இரண்டுக்கும் நடுவில் 4000. விலையில் வித்தியாசம் இல்லை, அலைச்சல்தான். இன்னொன்று, பல்பை எரியவிட்டு போன் கேமராவை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்தப் பல்பு வேண்டாம். உள்ளே எல்இடிக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் மட்டம் என்று அர்த்தம். இப்போது வருகிறவர்கள் தோசையைக் கூட வீடியோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

சென்சார் எட்டு. வராந்தா முனைகளிலும் மாடிப்படியிலும் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் வந்தபோது 30 விநாடியில் அணையும்படி வைத்திருந்தார்கள். கதவு முன்னால் நின்று பையில் சாவி தேடுகிறவர் தலைக்கு மேல் விளக்கு போய்விடும், அவர் ரிசப்ஷனுக்கு போன் போடுவார். மூன்று நிமிஷத்துக்கு மாற்றினதும் புகார் நின்றது. ஹால் கழிப்பறையில் இருந்ததைக் கழற்றியே விட்டோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கிங்கில் ஒன்று. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குத் திடீரென்று விளக்கு எரியும். பார்த்தால் காட்டுமாடு, வேலியோரம் நின்று நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். மனுஷ உடம்பின் சூட்டைப் பார்த்து எரிகிற சென்சாருக்குக் காட்டுமாட்டின் சூடு தெரியாதா என்ன? இது குறை இல்லை. அந்த நேரத்தில் காரில் மறந்த சார்ஜரை எடுக்க இறங்குகிற விருந்தாளிக்கு அந்த விளக்கு பெரிய உபகாரம்.

இனி சண்டை போட்ட இரண்டு இடம். கழற்றிய ட்யூபையும் சி.எஃப்.எல்.லையும் பையன்கள் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். இரண்டு உடைந்தது, சத்தம் கேட்டு ஓடினேன். ஒவ்வொரு ட்யூபிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. வேறு ஊரில் இதற்கு யாரும் சத்தம் போட மாட்டார்கள். இது கொடைக்கானல். தெர்மாமீட்டர் ஃபேக்டரியின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது 2001-ல் வெளியே வந்து, ஃபேக்டரியை மூடி, அதன் மண்ணைச் சுத்தம் செய்கிற பேச்சு எத்தனை வருஷம் ஓடியது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பழைய ட்யூப்களை உடையாமல் புது ட்யூப் வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது தர வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். பெட்டியில் அடுக்கினார்கள். எடுத்துப் போகத்தான் ஆள் வரவில்லை. போன் போட்டுப் போட்டு, கடைசிப் பாக்கியைத் தர மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வண்டி வந்தது. ரசீதும் வந்தது.

ட்யூபை எடுக்க வராத வண்டி சோக்கை எடுக்க முதல் நாளே வந்துவிட்டது. சும்மா இல்லை, அம்பதுக்கு மேல் காப்பர் சோக், எடைக்குப் போட்டால் நல்ல காசு. சத்தமில்லாமல் மூட்டை கட்டி டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்காரர், "அதை இறக்கிடுங்க தம்பி, நம்ம சாமான்" என்றார். "பழசு எல்லாம் எங்களுக்குத்தான் சார், வழக்கம்" என்றான் பையன். வழக்கமாம்! அப்படியென்றால் பாதரச ட்யூபும் பழசுதானே, அதற்கு ஏன் அந்த வழக்கம் இல்லை? இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் கொடுத்த காசில் தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்கு ஸ்வீட் வாங்கினோம்.

வாரண்டி இரண்டு வருஷம். ஐப்பசி இடியில் வராந்தாவில் நாலு பட்டியின் டிரைவர் போயிற்று. விளக்கு அப்படியே இருந்தது, டிரைவர்தான் முதலில் சாகும். மாற்றிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை, ஆனால் வண்டி மலை ஏறும்போதுதான் வரும் என்று சில வாரம் இழுத்தார்கள். நாலு பட்டி உபரியாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இடி அதிகமான இடங்களுக்கு மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்புச் சாதனம் ஒன்று போடுவது நல்லது. இதைக் காண்ட்ராக்டரே சொல்லியிருக்கலாம்.

சொல்லாமல் விட்ட இன்னொன்று, அனுமதிக்கப்பட்ட மின்சுமை. கமர்ஷியல் இணைப்பில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில். சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். விளக்கு மாற்றியதில் எங்களுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் சுமை குறைந்தது. சுமையைக் குறைத்துக்கொள்ள இ.பி. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கொடுக்கும் முன் எல்லாக் கீசரும் ஒன்றாக ஓடும் காலை ஏழு மணிக்கு எவ்வளவு சுமை வருகிறது என்று அண்ணனை வைத்து அளந்துகொண்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வயரிங் வேலைக்கு நாலரை, சாமானுக்கு நாலு, கொட்டேஷனுக்கு ஒன்று. மறுபடியும் கூப்பிடுவேனா என்றால், கூப்பிடுவேன். அடுத்து கீசர் இருக்கும் மாடிக்கு மேல் சோலார் வாட்டர் ஹீட்டர் போட யோசனை இருக்கிறது, சூரிய சக்திச் சாதனங்கள் அந்த 40 சதவீதப் பட்டியலில் நிஜமாகவே இருக்கின்றன. இந்தத் தடவை கொட்டேஷன் முதலில் ஆடிட்டர் சாருக்குத்தான் போகும், அதுவும் செப்டம்பருக்கு முன்னால் வேலை முடிகிற மாதிரி. காண்ட்ராக்டர் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். சோக் யாருக்கு, ட்யூப் யாருக்கு என்பதை மட்டும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.